ரிஜெக்ட் போட்டவள்

மார்ச் 3, திங்கள்

இது கம்பெனி கொடுத்த புத்தாண்டு டைரி. முதல் பக்கத்தில் இருதயராஜ் பெரியப்பாவின் புகைப்படம் இருந்தது. அதைக் கிழித்துப் போட்ட பிறகுதான் எழுதவே மனம் வந்தது. வேலையை விட்டு இன்றோடு நான்கு நாள்.

லிங்க்ட்இன்னில் ‘உங்களைப் பற்றி’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. காலையிலிருந்து அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் பற்றி என்ன இருக்கிறது? ஆரோக்கிய செலின், வயது முப்பத்தேழு, கல்யாணம் ஆகவில்லை, திருச்சி காட்டூரில் அப்பாவோடு வீடு. பாய்லர் குழாய்களை வெல்டிங் செய்து சேர்த்த இடத்தை ஜாயின்ட் என்போம். அதை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்துத் தேறும், தேறாது என்று எழுதுவது என் வேலை. துவாக்குடி தொழிற்பேட்டையில் பதினோரு வருடம் அதைத்தான் செய்தேன். நான் ரிஜெக்ட் போட்டால் வெல்டர் அந்த ஜாயின்டை வெட்டியெடுத்து மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். அதனால் என்னைக் கண்டால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும்.

என் சான்றிதழ் ஏப்ரல் முப்பதோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால், இவள் தொடர்ந்து வேலை பார்த்தாள் என்று கடைசி முதலாளி கடிதம் தர வேண்டும். கடைசி முதலாளி இப்போது குப்பைத்தொட்டியில் கிடக்கும் அந்தப் புகைப்படத்தில் இருப்பவர்தான். அப்பாவின் பழைய சிநேகிதரும், என்னை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத்தகப்பனும் அவர்தான். துவாக்குடியில் எல்லாருக்கும் போன் போட்டு, செலினைச் சேர்க்காதே என்று சொல்லிவிட்டார். ஆகவே சான்றிதழ் காலாவதி ஆவதற்குள், விசாவுக்குப் பொறுப்பேற்று எடுத்துக்கொள்ளும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியை நான் பிடிக்க வேண்டும். பிடிப்பேன்.

அப்பா பேசவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் பாதி மிச்சம்.

மார்ச் 5, சாம்பல் புதன்

புத்திகெட்ட காரியம் ஒன்று செய்தேன். என் புகைப்படத்தைச் சுற்றி ‘வேலை தேடுகிறேன்’ என்ற பச்சை வளையத்தைப் போட்டேன். லிங்க்ட்இன்னில் என் தொடர்பில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருத்தர்கூட வெள்ளைக்காரர் கிடையாது. எல்லாம் துவாக்குடி, காட்டூர், எங்கள் பங்குக் கோயில் ஆட்கள். கல்யாணத்துக்கு மொய் எழுதுவது மாதிரி யார் கேட்டாலும் சேர்த்துக்கொண்டதன் பலன். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு பேர் ‘வாழ்த்துகள், காட் பிளஸ் யூ’ என்று போட்டிருந்தார்கள். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் நெற்றியில் சாம்பல் வாங்க வரிசையில் நின்றபோது மூன்று பேர் எந்த நாடு என்று கேட்டார்கள். நான்கு பேர் தள்ளி இருதயராஜ் பெரியப்பா நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு கூரையைப் பார்த்தார்.

மார்ச் 8, சனி

ஏன் வேலையை விட்டாய் என்று கேட்கிறவர்களிடம், ஒத்துவரவில்லை என்கிறேன். இங்கேயும் அதையே எழுதிவைக்கிறேன்.

தண்ணீர் வந்தது. தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். அப்பா இரண்டு தோசை.

மார்ச் 11, செவ்வாய்

வெளிநாட்டுக் கம்பெனி மேலாளர்கள் நாற்பத்தாறு பேருக்குச் செய்தி அனுப்பினேன். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்களின் பொன்னான நேரத்தில் சில மணித்துளிகளை இந்த எளியவளுக்கு ஒதுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதக் கற்றதிலிருந்து நமக்குக் கை அப்படித்தான் போகிறது. கூடவே பயோடேட்டா. அதில் அப்பா பெயர், அப்பா தொழில், மதம், ஞானஸ்நானம் பெற்ற பங்கு எல்லாம் இருந்தன. மாப்பிள்ளை பார்க்கவா அனுப்பினேன் என்று இப்போது சிரிப்பு வருகிறது.

நாற்பத்தைந்து பேர் வாய் திறக்கவில்லை. நியூசிலாந்தில் குழாய் பரிசோதனைக் கம்பெனி ஒன்றின் மேலாளர் ஹீதர் மட்டும் பதில் எழுதினார். தான் ஐயா இல்லையாம். என் கடிதத்தைப் படித்ததில் தன்மீது எனக்கு எவ்வளவு மரியாதை என்று தெரிந்துகொண்டாராம், எனக்கு என்ன வேலை தெரியும் என்று மட்டும் தெரியவில்லையாம். விருப்பமிருந்தால் அதை எழுதச் சொன்னார்.

முதலில் சுருக்கென்றது. பிறகு பெரிய நிம்மதி. பணிவை எனக்கு நடிக்கவும் வராது.

மார்ச் 12, புதன்

ஹீதருக்கு எழுதியது: ‘பதினோரு வருடத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஃபிலிம் பார்த்திருக்கிறேன். நான்காயிரத்துக்கு மேல் தேறாது என்று எழுதியிருக்கிறேன். நான் தேறும் என்று எழுதிய எதுவும் இதுவரை வெடித்ததில்லை. எனக்கு விசாவும் வேலையும் வேண்டும்.’

அவ்வளவுதான். அனுப்பிவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கப் போனேன்.

மார்ச் 17, திங்கள்

ஹீதர் ஒரு மணி நேரம் வீடியோவில் பேசினார். இருபது ஃபிலிம் படங்களைத் திரையில் காட்டிக் கேட்டார். பதினெட்டில் இருவருக்கும் ஒரே கருத்து. இரண்டில் சண்டை போட்டோம். ஒன்றில் நான் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார், மற்றொன்றில் நான் ஒப்புக்கொண்டேன்.

விசாவுக்குத் தாங்களே பொறுப்பேற்பதாகச் சொன்னார். இரண்டு நற்சான்று வேண்டுமாம். ஒன்று என் வேலையை அறிந்தவர்களிடமிருந்து, மற்றொன்று கடைசி மேலதிகாரியிடமிருந்து. கடைசி மேலதிகாரி என்றதும் இணைப்பு சரியில்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

மார்ச் 19, புதன்

என் வேலையை அறிந்தவர்கள் யார்? வெல்டர்கள்தான். அவர்கள் என்னைத் திட்டியதை நானே கேட்டிருக்கிறேன். சரி, அதுவும் சாட்சிதானே என்று லிங்க்ட்இன்னில் எழுதினேன்.

‘நான் ரிஜெக்ட் போட்ட ஜாயின்டைச் செய்த வெல்டர்களுக்கு: நியூசிலாந்தில் ஒரு வேலைக்கு முயற்சி செய்கிறேன். என்னைப் பற்றி நினைப்பதை இதன் கீழே எழுதுங்கள். புகழ வேண்டாம். தமிழிலோ ஆங்கிலத்திலோ உண்மையை எழுதினால் போதும்.’

மார்ச் 21, வெள்ளி

எழுபத்து மூன்று பேர். ஜுபைல், சிங்கப்பூர், பெர்த், தோகா. துவாக்குடியிலிருந்து போனவர்கள் இவ்வளவு இடத்தில் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது.

பெர்த்திலிருந்து குணசீலன்: ‘இந்த மேடம் என் ஒரே ஜாயின்டை மூன்று தடவை வெட்ட வைத்தார். அன்றைக்குச் சொல்லக்கூடாத வார்த்தை எல்லாம் சொன்னேன். இப்போது எந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்தும் எனக்குப் பயமில்லை.’ ஜுபைலிலிருந்து அப்துல் காதர்: ‘எனக்கு இன்றும் இவரைப் பிடிக்காது. ஆனால் என் பிள்ளை வேலை செய்கிற பிளான்ட்டில் இவர் பார்த்த குழாய்தான் இருக்க வேண்டும்.’ இன்னொருவர் சனியன் என்று ஆரம்பித்து, கடைசியில் மேடம் என்று முடித்திருந்தார்.

அழுதேன். வெள்ளிக்கிழமை மீன் குழம்பு அடிப்பிடித்துப் போனது. அப்பா அதைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். குறை சொல்வதற்காவது வாயைத் திறந்திருக்கலாம்.

மார்ச் 24, திங்கள்

சான்றிதழுக்கான கண் பரிசோதனை. மிகச் சின்ன எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படித்தேன். டாக்டர், வேலை என்ன என்று கேட்டார். குறை கண்டுபிடிப்பது என்றேன். அப்போ வீட்டில் கஷ்டம்தான் என்றார். ஆமாம் என்றேன்.

மார்ச் 27, வியாழன்

அப்பா பேசினார். இருபத்தேழு நாள் கழித்து. அவர் குரலைக் கேட்டதும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். அது ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

என் பதிவையும் அதன் கீழே, இவ்வளவு நல்ல ஆள் ஏன் வேலையை விட்டார் என்று யாரோ கேட்டிருந்ததையும் இருதயராஜ் பெரியப்பா பார்த்திருக்கிறார். அப்பாவைக் கூப்பிட்டு இரண்டு கவர் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஒன்றில் எனக்கு நற்சான்று. தங்கமான பெண், இவளைப் போல ஒருத்தி கிடையாது என்று ஒரு பக்கம். சான்றிதழைப் புதுப்பிக்கத் தேவையான கடிதமும் அதிலேயே. இன்னொன்றில் நான் கையெழுத்துப் போட மறுத்த அறிக்கை. போட்டுக் கொடுத்தால் முதல் கவர் என்னுடையது.

இனி ஒத்துவரவில்லை என்று எழுதிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. நடந்தது இது. ஒரு சர்க்கரை ஆலையின் நீராவிக் குழாயில் இருபத்து நான்கு ஜாயின்ட். கடைசி நான்கும் உயரத்தில், சுவரோரம். ஏறிப் படமெடுக்கச் சோம்பல்பட்டு, கீழே கைக்கு எட்டிய ஒரு நல்ல ஜாயின்டையே நான்கு தடவை எடுத்திருக்கிறார்கள். எந்த ஜாயின்ட் என்று படத்தில் தெரியப் பக்கத்தில் வைக்கும் ஈய நம்பரை மட்டும் மாற்றி மாற்றி வைத்தார்கள். ஃபிலிமைப் பார்த்ததும் பிடித்தேன். பெரியப்பாவிடம் போய்ச் சொன்னால் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆலைக்குக் கொடுத்த பட்டியலில் ஃபிலிம் பார்ப்பவர் என்று என் பெயர் இருப்பதால் வேறு யாரும் கையெழுத்துப் போட முடியாது.

“ஒரு கையெழுத்துதானேம்மா,” என்றார் அப்பா. “நானும் அவனும் ஒரே நாள்ல அப்ரெண்டிஸா சேந்தவங்க. நாப்பத்தாறு வருசம். ஊரே சிரிக்குது. போட்டுக் குடுத்துட்டு நீ நல்லபடியா ஃபாரின் போயிடு.”

நான் கேட்டேன். “அந்தக் குழாய்க்குப் பக்கத்துல நீங்க போய் நிப்பீங்களாப்பா?”

அப்பா எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். கவர் இரண்டும் சாப்பாட்டு மேசையிலேயே இருக்கின்றன. முதல் கவரை நான்கு தடவை எடுத்துப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஒரு தாளில் என் சான்றிதழ், விசா, வேலை மூன்றும் இருக்கின்றன. அதற்காக நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

காலையில் அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து, “எங்க, காட்டு,” என்றார். நான்கு ஃபிலிமையும் விளக்குப் பெட்டியில் வரிசையாக வைத்துப் போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். அவர் முப்பத்தொரு வருடம் வெல்டராக இருந்தவர். பெரிதாக்கி, சின்னதாக்கி, மறுபடி பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். நான்கிலும் ஒரே இடத்தில் இருந்த சின்ன வெள்ளைப் புள்ளியை விரலால் தொட்டுக் காட்டினார். நான்கும் ஒரே ஜாயின்ட் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு கவரையும் எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மூன்று இட்லி சாப்பிட்டார்.

நான் ஆலையின் பொறியாளருக்கு, கடைசி நான்கு ஜாயின்டின் படங்களும் அந்த ஜாயின்டுகளின் படங்கள் இல்லை என்று மின்னஞ்சல் அனுப்பினேன். பிறகு துணி துவைத்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஹீதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி மேலதிகாரியின் நற்சான்று வராது, காரணம் இது என்றேன். நெடுநேரம் குறிப்பெடுத்தார். நாளைக்கு எங்கள் கம்பெனியே கையெழுத்துக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இதையேதான் செய்வேன் என்றேன். வேலை கேட்கிறவள் பேசுகிற பேச்சா என்று உள்ளே ஒரு குரல் திட்டியது. திட்டட்டும்.

வெல்டர்கள் என் கண்ணுக்குச் சாட்சி சொல்கிறார்கள், ஆனால் வேலையை விட்ட காரணத்துக்கு என் வார்த்தை மட்டும்தான் இருக்கிறது என்றார் ஹீதர். நிர்வாகம் அதை ஏற்காது. இது தெரிந்த யாராவது ஒருவர் சொன்னால் போதுமாம்.

ஒருவர் இருக்கிறார், ஆனால் அவரிடம் கேட்க மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். அவருக்கு இருப்பது ஒரே சிநேகிதர் என்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ஆலையின் பொறியாளர் போன் செய்தார். சாரம் கட்டி ஏறி நான்கையும் புதிதாகப் படமெடுத்திருக்கிறார்கள். மூன்று தேறவில்லை. அவற்றில் ஒன்றில் விரிசல். “கோடி புண்ணியம் மேடம். எழுத்துல மட்டும் எங்கிட்ட எதுவும் கேட்டுராதீங்க, வக்கீல் பேசவே கூடாதுங்கறாரு,” என்றார். புண்ணியத்தை ஹீதருக்கு எப்படி அனுப்பிவைப்பது என்று தெரியவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். விரிசல் எவ்வளவு நீளம் என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சான்றிதழ் புதுப்பித்தாயிற்று. முதலாளி கடிதத்துக்குப் பதில், கம்பெனியின் பழைய வாடிக்கையாளர்கள் இரண்டு பேரிடம் நான் வாங்கி அனுப்பிய கடிதத்தைச் சான்றிதழ் தருகிறவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை. கவலை இல்லை என்று எழுதிவிட்டேனே தவிர, ஹீதரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. இந்த மாதத்தோடு அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

கேஸ் சிலிண்டரைப் போனில் எப்படிப் பதிவு செய்வது என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எதுக்கு இப்போ என்றார். சும்மாதான் என்றேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப் பாதையில் ஐந்தாம் நிலைக்கு மரச்சிலுவையை அப்பாவும் இருதயராஜ் பெரியப்பாவும்தான் தூக்குவார்கள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். இந்த வருடம் பெரியப்பா தன் மருமகனோடு தூக்கினார். அப்பா கடைசி வரிசையில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றார். யாரோ நாற்காலி கொடுத்தார்கள், உட்காரவில்லை.

வேலையை விட்டதற்கு நான் வருத்தப்பட்டதே இல்லை. இன்று பட்டேன். நான் செய்தது சரி என்று அப்போதும் தெரிந்தே இருந்தது.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

கறிக் குழம்பு. அப்பா நன்றாகச் சாப்பிட்டார். பிறகு தன் போனை நீட்டி, எனக்கும் அந்த லிங்க்ட்இன்னில் ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடு என்றார். எதற்கு என்றேன். ஊரில் எல்லாரும் உனக்கு எழுதுகிறார்கள், நான் எழுதக்கூடாதா என்றார். வாழ்த்துகள், காட் பிளஸ் யூ என்று போடப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, தமிழில் தட்டவும் பதிவுக்குக் கீழே எழுதவும் காட்டிக் கொடுத்தேன். ஒற்றை விரலால் தட்டுவார், உதட்டை அசைத்துப் படிப்பார், எல்லாவற்றையும் அழிப்பார், மறுபடி தட்டுவார். இரண்டு மணி நேரம். நான் பாத்திரம் துலக்கப் போய்விட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

என் பதிவின் கீழே கடைசியாக இது இருந்தது.

‘என் பெயர் சவரிமுத்து. முப்பத்தொரு வருசம் வெல்டர். இந்தப் பெண்ணின் அப்பா. நாலு ஜாயின்டுக்கு ஒரே ஜாயின்டைப் படம் எடுத்திருந்தார்கள். அதில் கையெழுத்துப் போடச் சொல்லி இவளிடம் கவர் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். போட்டால் ஃபாரின் வேலை கிடைக்கும் என்று சொன்னேன். போடவில்லை. எனக்கும் ரிஜெக்ட். படத்தை நானே பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. நான் செய்தது தப்பு.’

யார் பெயரையும் எழுதவில்லை. ஆனால் காட்டூரில் யாருக்குத்தான் புரியாது? விடிவதற்குள் இருநூறு பேர் பார்த்திருந்தார்கள். நான் கொல்லைப்புறம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். மறுபடி கழுவ வேண்டியிருந்தது.

பத்தரைக்கு ஹீதரின் செய்தி. கடைசியாக வந்த கருத்தை இயந்திரத்தில் மொழிபெயர்த்துப் பார்த்தாராம், எழுதியவர் உங்கள் அப்பாதானா என்று கேட்டிருந்தார். ஆமாம் என்றேன். கால் மணி நேரத்தில் வேலைக்கான கடிதம் வந்தது. விசாவுக்கான தாள்கள் அடுத்த வாரமாம்.

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல நினைத்தேன். அவர் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் இருதயராஜ் பெரியப்பா. அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. நாற்பத்தாறு வருடப் பழக்கம், பங்குச் சாமியார் வரை போய்விட்டது, உடனே அதை அழி என்று கத்திக்கொண்டிருந்தார்.

அப்பா முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாக, “அழிக்கறது எப்படின்னு எனக்குத் தெரியாதுப்பா,” என்றார். “எழுதறதுக்கு மட்டுந்தான் எம் பொண்ணு சொல்லிக் குடுத்தா.”

போனை வைத்துவிட்டு, காபி இருக்கா என்று என்னைக் கேட்டார்.